ஹைட்ரேஞ்சியா: எந்த ஊருக்கு எந்த இனம்?

ஹைட்ரேஞ்சியா வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கண்ட நீலப் பூப்பந்து மனதில் நிற்கிறது. அதே நீலம் டொராண்டோ வீட்டு வாசலிலும் வேண்டும், லண்டன் வீட்டுக் கொல்லையிலும் வேண்டும், சென்னை மாடித்தோட்டத்திலும் வேண்டும். நர்சரியில் பூத்த செடி கிடைக்கவும் செய்கிறது. வாங்கி வைத்த ஆண்டு கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அடுத்த ஆண்டு இலை மட்டும்தான். உரம் போதவில்லையோ, வெயில் போதவில்லையோ என்று தேடுவார்கள். பல நேரம் குறை இவை எதிலும் இல்லை. அந்த ஊருக்கு ஆகாத இனத்தை வாங்கியதில்தான் இருக்கிறது.

நிறத்தை ஓரளவுக்கு நாமே மாற்றிக்கொள்ளலாம். ஒரு இனம் தன் பூமொட்டை எந்தத் தண்டில், எந்த மாதத்தில் வைக்கிறது என்பதை மாற்ற முடியாது. அதை உங்கள் ஊரின் குளிரோடு பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் நிறத்துக்கு வர வேண்டும்.

தோட்டத்துக்கென்று பரவலாகக் கிடைப்பவை நான்கு: மேக்ரோஃபில்லா, பேனிகுலேட்டா, ஆர்போரெசென்ஸ், குவெர்சிஃபோலியா. முதலாவது ஜப்பானின் கடலோரச் செடி. பேனிகுலேட்டா சீனா, ஜப்பான், சகலின் தீவு வரை பரவிய, கடுங்குளிர் பழகிய மரச்செடி. மற்ற இரண்டும் அமெரிக்காவின் கிழக்கு, தென்கிழக்குக் காடுகளைச் சேர்ந்தவை. இந்தப் பிறந்த இடங்களை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி விஷயம் தானாக விளங்கிவிடும்.

சீட்டில் எழுதியிருக்கும் பெயர்

நர்சரிச் சீட்டில் 'ஹைட்ரேஞ்சியா' என்று மட்டும் இருந்தால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. பெயர்கள் வந்த வழி தெரிந்தால் சீட்டைப் படிப்பது எளிது.

இந்தப் பேரினப் பெயர் முதலில் ஜப்பானியச் செடிக்கு வைத்ததே அல்ல. வட அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜான் கிளேட்டன் சேகரித்த தாவரங்களை ஆராய்ந்து, டச்சுத் தாவரவியலாளர் குரோனோவியஸ் 1739இல் இந்தப் பெயரைச் சூட்டினார். லின்னேயஸ் 1753இல் அதை ஏற்று ஹைட்ரேஞ்சியா ஆர்போரெசென்ஸ் என்று பதிவு செய்தார். கிரேக்கத்தில் 'ஹைடோர்' என்றால் தண்ணீர், 'ஆங்கெயோன்' என்றால் கலம். பூ முடிந்தபின் நிற்கும் மிகச் சிறிய காயை லென்ஸ் வைத்துப் பார்த்தால், உச்சியில் இரண்டு கொம்புகளோடு வாய் திறந்த பழங்காலத் தண்ணீர்ச் சாடிபோல் இருக்கும். பெயருக்குக் காரணம் அந்தக் காய்தான். செடி நிறையத் தண்ணீர் குடிப்பதால் வந்த பெயர் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அது தவறு.

அந்தத் தவறு செடியையும் கொல்கிறது. நடுப்பகல் வெயிலில் ஹைட்ரேஞ்சியா இலைகள் துவண்டு தொங்குவது இயல்பு. அகன்ற இலையிலிருந்து ஆவியாகும் வேகத்துக்கு வேரால் நீர் ஏற்ற முடிவதில்லை, அவ்வளவுதான். பார்த்தவுடன் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. மாலை ஆறு மணிக்கு மறுபடி பாருங்கள். இலை நிமிர்ந்திருந்தால் தண்ணீர் வேண்டாம். மாலையிலும் தொங்கினால், விரலை 5 செ.மீ. ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். மண் ஈரமாக இருந்தும் மாலையில் இலை தொங்கினால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது ஊற்றுகிற ஒவ்வொரு வாளியும் கேடுதான்.

ஜப்பானியச் செடிக்கு வந்த பெயர்கள் இன்னும் சிக்கலானவை. நாகசாகியில் டச்சு வணிகக் கழகத்தின் மருத்துவராக இருந்த துன்பெர்க், 1784இல் இதை வைபர்னம் என்ற வேறொரு பேரினத்துச் செடி என்று கருதி 'வைபர்னம் மேக்ரோஃபில்லம்' என்று பெயரிட்டார். பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஃபிலிபெர் கொமர்சோன் இதே செடிக்கு 'ஹார்டென்சியா' என்ற பெயரைக் கொடுத்திருந்தார். 1830இல்தான் செரிஞ்ச் அதை ஹைட்ரேஞ்சியா மேக்ரோஃபில்லா என்று சரியான இடத்துக்குக் கொண்டுவந்தார். கொமர்சோன் மனதில் வைத்திருந்த ஓர்டான்ஸ் என்ற பெண் யார் என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. ஹோர்ட்டஸ், அதாவது தோட்டம் என்ற லத்தீன் சொல்லே மூலம் என்பாரும் உண்டு. நெப்போலியனின் வளர்ப்பு மகள் ஓர்டான்ஸ் பெயரால் வந்தது என்று சொல்வது மட்டும் நிச்சயம் பொருந்தாது. அவர் பிறந்தது 1783; கொமர்சோன் மொரிஷியஸில் இறந்தது 1773.

ஐரோப்பாவில் இன்றும் ஹார்டென்சியா என்ற பெயர் புழங்குகிறது. சீட்டில் ஹார்டென்சியா, ஹார்டென்சிஸ், ஒட்டாக்சா என்று எது இருந்தாலும் அது மேக்ரோஃபில்லாதான். ஒட்டாக்சா என்பது நாகசாகியில் வாழ்ந்த ஜெர்மானிய மருத்துவர் சீபோல்ட் தன் துணைவி குசுமோட்டோ தாகியின் நினைவாக வைத்தது. ஓ-தாகி-சான் என்று அழைத்ததை அப்படியே லத்தீனாக்கிவிட்டார். பீஜி என்று எழுதியிருந்தால் அது பேனிகுலேட்டாவின் கிராண்டிஃப்ளோரா வகை; இரண்டு சொற்களின் முதலெழுத்துகள் அவை. 'அன்னபெல்' என்றால் ஆர்போரெசென்ஸ். 'ஓக் இலை' என்றால் குவெர்சிஃபோலியா. சீட்டில் இந்தச் சொற்களில் ஒன்றாவது இல்லாத செடியைப் பணம் கொடுத்து வாங்க வேண்டாம்.

மேக்ரோஃபில்லா: எல்லோரும் விரும்புவது, எல்லா ஊருக்கும் ஆகாதது

ஹைட்ரேஞ்சியா என்றதும் நினைவுக்கு வரும் உருண்டைப் பூக்கொத்து இதனுடையது. 1 முதல் 1.5 மீட்டர் உயரம், தடித்த பளபளப்பான இலை. முழு உருண்டையாகப் பூப்பதை மாப்ஹெட் என்றும், நடுவில் சிறு பூக்களும் ஓரத்தில் மட்டும் அகன்ற இதழ்களுமாகத் தட்டையாகப் பூப்பதை லேஸ்கேப் என்றும் வகைப்படுத்துகிறார்கள். நாம் இதழ் என்று எண்ணுவது உண்மையில் புல்லி இதழ். அல்லி இதழ் அல்ல. அதனால்தான் பூ வாரக்கணக்கில் உதிராமல் நிற்கிறது, பிறகு பச்சையாகவும் பழுப்புச் சிவப்பாகவும் மாறிக் காய்கிறது. விதை தரும் பூக்கள் நடுவில் இருக்கும் சின்னஞ்சிறியவை. தேனீக்கள் வர வேண்டும் என்று விரும்பினால் லேஸ்கேப் வகையையே எடுங்கள். மாப்ஹெட்டில் அவற்றுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. கனமழைப் பகுதிக்கும் லேஸ்கேப்தான் நல்லது. நீர் கோத்த மாப்ஹெட் தலைகள் தண்டை வளைத்துத் தரையில் சாய்த்துவிடும்.

இதன் காட்டு வடிவம் ஹொன்ஷு தீவின் பசிபிக் கரையிலும் இசு தீவுகளிலும் வளர்வது. கடல் காற்று, ஈரம், உறைந்தும் உறையாத மிதமான குளிர். எனவே பிரிட்டனின் கார்ன்வால், பிரான்சின் பிரித்தானி, அசோர்ஸ் தீவுகள் போன்ற கடல் சூழ்ந்த இடங்களில் இது வேலியாகவே வளர்கிறது. நம் பக்கம் அதே தன்மையைக் கடலோரத்தில் தேடக் கூடாது. உயரத்தில் தேட வேண்டும்.

முக்கியமான செய்தி மொட்டு பற்றியது. மேக்ரோஃபில்லா அடுத்த பருவத்தின் பூமொட்டை இந்த ஆண்டு வளர்ந்த தண்டின் நுனியில், இரவு குளிரத் தொடங்கும்போது வைக்கிறது. வெப்பம் ஏறக்குறைய 18 டிகிரிக்குக் கீழே 6 முதல் 8 வாரம் நிலைத்தால்தான் அந்த மொட்டு உருவாகும். உருவான மொட்டு குளிர்காலம் முழுக்கத் தண்டு நுனியில் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆபத்து: போதிய குளிர் இல்லையென்றால் மொட்டே வராது; குளிர் மிகுந்தால் வந்த மொட்டு கருகிவிடும். சென்னையில் முதல் வகைத் தோல்வி, டொராண்டோவில் இரண்டாவது.

மூன்றாவது தோல்வி கத்தரியால் வருவது. ஆண்டு இறுதியில் செடியை 'அழகாக' ஒரே மட்டத்துக்கு வெட்டிவிட்டால் அடுத்த ஆண்டின் எல்லா மொட்டும் குப்பைக்குப் போய்விடும். பூத்து முடிந்த தண்டை மட்டும், பூவுக்குக் கீழே முதலில் தென்படும் பருத்த மொட்டு ஜோடிக்குச் சற்று மேலே வெட்டுங்கள். பூக்காத தண்டைத் தொடாதீர்கள்; அடுத்த பூ அதில்தான். மூன்று நான்கு ஆண்டான செடியில் மட்டும், மிக முதிர்ந்த தண்டுகளில் மூன்றிலொரு பங்கை அடியோடு எடுத்தால் புதுத் தூர் வெடிக்கும்.

செர்ராட்டா இதன் மலைக்காட்டு உறவு. சற்றுக் குட்டை, இலை சிறிது, குளிர் தாங்கும் திறன் கொஞ்சம் கூடுதல். ஜப்பானில் இதன் ஒரு வகையின் இலையைப் பதப்படுத்தி அமாச்சா என்ற இனிப்புத் தேநீர் செய்து, ஏப்ரல் 8 அன்று புத்தர் பிறந்தநாளில் குழந்தைப் புத்தர் சிலைக்கு ஊற்றுகிறார்கள். அதைப் படித்துவிட்டு வீட்டுச் செடியின் இலையைக் கொதிக்க வைக்க வேண்டாம். ஹைட்ரேஞ்சியா இலையிலும் மொட்டிலும் நஞ்சு உண்டு. ஆடு, மாடு, நாய் மேயாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீலத்துக்கு என்ன தேவை

நீலமும் இளஞ்சிவப்பும் ஒரே நிறமியின் இரண்டு தோற்றம். டெல்ஃபினிடின் வகை நிறமியோடு அலுமினியம் சேர்ந்தால் நீலம், சேராவிட்டால் இளஞ்சிவப்பு. மண்ணில் அலுமினியம் எங்கும் உண்டு, ஆனால் அமில மண்ணில்தான் அது கரைந்து வேருக்குக் கிடைக்கும். மண்ணின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 5.5க்குக் கீழே இருந்தால் நீலம், 6.5க்கு மேல் போனால் இளஞ்சிவப்பு, இடையில் ஊதாவும் கலப்பும். தேயிலை விரும்புவது 4.5 முதல் 5.5 வரையிலான மண். நீலகிரியிலும் நுவரெலியாவிலும் தேயிலைத் தோட்ட வீடுகளைச் சுற்றி ஹைட்ரேஞ்சியா தானாகவே நீலமாகப் பூப்பதற்கு அந்த மண்தான் காரணம்.

இந்த நிற மாற்றம் மேக்ரோஃபில்லாவுக்கும் செர்ராட்டாவுக்கும் மட்டுமே உரியது. அவற்றிலும் வெள்ளை வகைகள் மாறாது. பேனிகுலேட்டாவுக்கு எவ்வளவு படிகாரம் போட்டாலும் நீலம் வராது.

நீலமாக்க அலுமினியம் சல்ஃபேட் லிட்டருக்கு 4 கிராம். அது கிடைக்காத இடத்தில் நாட்டு மருந்துக் கடைப் படிகாரமே போதும். படிகாரத்தில் அலுமினியம் எடையில் சுமார் 5.7 சதவீதம், அலுமினியம் சல்ஃபேட்டில் சுமார் 8.1 சதவீதம், எனவே படிகாரம் என்றால் லிட்டருக்கு 6 கிராம் என்று கணக்கு வையுங்கள். முதல் நாள் மண்ணை வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டு, மறுநாள் 30 செ.மீ. தொட்டிக்கு 2 லிட்டர் கரைசல் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகி இலை ஓரம் பழுப்பாகும். 2 முதல் 3 வாரத்துக்கு ஒருமுறை, மொட்டு தெரிவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும். விரிந்துவிட்ட பூ அதன்பின் மாறாது. அடுத்து வரும் கொத்தில்தான் பலன் தெரியும்.

படிகாரம் போட்டும் நீலம் வராததற்கு வழக்கமான காரணம் பாஸ்பரஸ். அது அலுமினியத்தைப் பிடித்து மண்ணிலேயே முடக்கிவிடும். எலும்புத்தூள், சூப்பர் பாஸ்பேட், 'பூக்கும் உரம்' என்று விற்கும் பாஸ்பரஸ் மிகுந்த கலவைகள் எல்லாம் நீலத்துக்கு எதிரி. தழைச்சத்து அளவாகவும், சாம்பல்சத்து கூடுதலாகவும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகக் குறைவாகவும் உள்ள உரத்தைத் தேர்ந்தெடுங்கள். அடுப்புச் சாம்பல் பிஎச்சை ஏற்றிவிடும், அதையும் தவிருங்கள். ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீர், லண்டனின் குழாய்நீர் இரண்டும் சுண்ணாம்பு மிகுந்தவை. மாதக்கணக்கில் ஊற்றினால் மண்ணின் அமிலம் தீர்ந்துபோகும். மழைநீரைப் பீப்பாயில் சேமிப்பதைவிட மலிவான வழி இல்லை. சிமென்ட் சுவரோரம் நட்ட செடி ஒரு பக்கம் நீலமாகவும் சுவர்ப் பக்கம் சிவப்பாகவும் பூப்பதும் சுண்ணாம்புக் கசிவால்தான்.

துருப்பிடித்த ஆணியைப் புதைப்பது வீண்வேலை. அதிலிருப்பது இரும்பு; இங்கே தேவை அலுமினியம். காபித் தூள் சக்கையும் அப்படியே. காய்ச்சி எடுத்தபின் அதில் அமிலம் அதிகம் மிஞ்சாது. மூடாக்காகப் போடலாம், நீலத்துக்காகப் போட வேண்டாம்.

இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் டோலமைட் சுண்ணாம்பைச் சதுர மீட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை, பூப்பருவத்துக்குப் பல மாதம் முன்பே கிளறிவிடுங்கள். பிஎச் 7ஐத் தாண்ட விடக் கூடாது. தாண்டினால் இரும்புச்சத்து கிடைக்காமல் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இலை வெளுக்கும். நீலகிரி மண்ணில் இளஞ்சிவப்புக்குப் போராடுவதும், லண்டன் சுண்ணாம்பு மண்ணில் நீலத்துக்குப் போராடுவதும் ஆண்டுதோறும் செலவு வைப்பவை. மண்ணோடு மல்லுக்கட்ட மனமில்லாதவர்கள் 1909இலிருந்து புழக்கத்தில் இருக்கும் 'மதாம் எமில் முய்யேர்' போன்ற வெள்ளை வகையை நடலாம். அல்லது நீலத்துக்கென்று ஒரு தொட்டியைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

பேனிகுலேட்டாவும் அன்னபெல்லும்

இந்த இரண்டும் ஒரே காரணத்துக்காகக் குளிர்நாட்டுக்காரர்களுக்கு ஏற்றவை. பூமொட்டு அந்த ஆண்டு வசந்தத்தில் துளிர்க்கும் புதுத் தண்டில் வருகிறது. குளிர்காலத்தில் தண்டு முழுக்கக் கருகினாலும், அடியிலிருந்து துளிர்க்கும் தண்டு அதே கோடையில் பூத்துவிடும். பேனிகுலேட்டாவின் பல வகைகள் சுழியத்துக்குக் கீழே 35 டிகிரியையும் தாங்குகின்றன.

பேனிகுலேட்டா கூம்பு வடிவில் பூக்கும். முதலில் எலுமிச்சைப் பச்சை அல்லது வெள்ளை, இரவு குளிரக் குளிர இளஞ்சிவப்பு. இதற்கும் மண்ணுக்கும் சம்பந்தமில்லை. நாளுக்கு 5, 6 மணி நேர வெயிலை இது கேட்கும். நிழலில் நட்டால் தண்டு நீண்டு பூ சிறுக்கும். 'லைம்லைட்' 2 மீட்டருக்கு மேல் போகும், 'லிட்டில் லைம்' 1.5 மீட்டருக்குள் நிற்கும், 'போபோ' 1 மீட்டரைத் தாண்டாது. சன்னலுக்குக் கீழே நடுவதற்குப் பெரிய வகையை வாங்கி ஆண்டுதோறும் வெட்டிக் குறுக்குவதைவிடக் குட்டை வகையையே வாங்குவது புத்திசாலித்தனம். துளிர் விடுவதற்கு முன், மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கத்தில், உயரத்தில் மூன்றிலொரு பங்கை வெட்டினால் போதும். ஒட்ட வெட்டினால் பூ பெரிதாகும், ஆனால் மெல்லிய தண்டு அந்தக் கனத்தைத் தாங்காது.

அன்னபெல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அன்னா என்ற ஊருக்கு அருகே காட்டில் கண்டெடுக்கப்பட்ட ஆர்போரெசென்ஸ் வகை. பல பத்தாண்டுகள் அந்த வட்டாரத் தோட்டங்களில் மட்டும் இருந்து, 1960களில் விற்பனைக்கு வந்தது. 20 செ.மீ.க்கும் பெரிய வெள்ளை உருண்டைகள், மெல்லிய இலை, அரை நிழல் போதும். இதன் குறை ஒன்றே: ஒரு பெருமழை பெய்தால் செடியே படுத்துவிடும். தரையோடு வெட்டுகிறவர்களின் செடிதான் அதிகம் சாய்கிறது. 45 முதல் 60 செ.மீ. வரை பழைய தண்டை விட்டு வெட்டினால் அது புதுத் தண்டுகளுக்குத் தாங்கலாக நிற்கும். தடித்த தண்டுள்ள 'இன்க்ரெடிபால்' வகை இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது.

வீட்டு முன்புறம் தெற்குப் பார்த்து வெயில் கொட்டினால் பேனிகுலேட்டா. வீட்டின் நிழல் விழும் இடமென்றால் அன்னபெல். ஒரே செடிதான் வைக்க முடியும் என்றால் பேனிகுலேட்டாவைத்தான் சொல்வோம். தவறாக வெட்டினாலும் பூக்கிற செடி அது.

ஓக் இலை

குவெர்சிஃபோலியாவை அமெரிக்கத் தென்கிழக்கில் 1770களில் பயணம் செய்த வில்லியம் பார்ட்ரம் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இன்று அலபாமா மாநிலத்தின் காட்டுமலர் இது. பூவைவிட இலைக்காக வளர்க்க வேண்டிய செடி என்றே சொல்லலாம். ஓக் போல வெட்டுப்பட்ட பெரிய இலை இலையுதிர்காலத்தில் ஒயின் சிவப்பாகி வாரக்கணக்கில் நிற்கும். குளிர்காலத்தில் பட்டை உரிந்து இலவங்கப்பட்டை நிறம் காட்டும். வறட்சியை மற்ற மூன்றையும்விட நன்றாகத் தாங்கும். தாங்காதது நீர் தேங்கும் களிமண். அப்படிப்பட்ட இடத்தில் நட வேண்டுமென்றால் 20 முதல் 30 செ.மீ. மேட்டுப்பாத்தி எடுத்தே நடுங்கள். பூ பழைய தண்டில்தான். எனவே மேக்ரோஃபில்லாவுக்குச் சொன்ன கத்தரிக் கட்டுப்பாடு இதற்கும் உண்டு.

ஊர்வாரியாகத் தேர்வு

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், நுவரெலியா: தயங்காமல் மேக்ரோஃபில்லா. 45 செ.மீ. நீள, அகல, ஆழக் குழி, அதில் ஒரு பங்கு மக்கிய தொழுஉரம், இரண்டு பங்கு மேல்மண். செடிக்குச் செடி 1 முதல் 1.2 மீட்டர். காலை வெயில், மதியத்துக்குப் பின் நிழல். காய்ந்த இலையால் 5 முதல் 7 செ.மீ. மூடாக்கு, தண்டை ஒட்டாமல். செப்டம்பருக்குப் பின் கத்தரியை எடுக்க வேண்டாம். தாழ்வான பள்ளங்களில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி இறங்கும். காய்ந்த பூத்தலையை அப்போது அப்படியே விட்டுவைத்தால் கீழே இருக்கும் மொட்டுக்கு அது கூரை. பனி நின்றபின் பிப்ரவரி கடைசியில் வெட்டிக்கொள்ளலாம். பேனிகுலேட்டாவை இங்கே தேடி அலைய வேண்டியதில்லை. அதன் பலமே கடுங்குளிரைத் தாங்குவது, அந்தக் குளிர் இங்கே இல்லை.

மழைக்காலத்தில் நாற்றுக்குச் செலவே வேண்டாம். பூக்காத தண்டில் 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்குக் கணுவுக்குக் கீழே வெட்டி, மேல் இரண்டு இலையை மட்டும் பாதியாக நறுக்கி விட்டு, மணலும் தேங்காய்நார்க் கழிவும் சரிபாதி கலந்த தொட்டியில் ஒரு கணு புதையும்படி ஊன்றி நிழலில் வையுங்கள். 3 முதல் 4 வாரத்தில் வேர்விடும். பூத்த தண்டை ஊன்றினால் பெரும்பாலும் அழுகும்.

பெங்களூரு: டிசம்பர், ஜனவரி இரவுகள் 15, 16 டிகிரிக்கு இறங்குவதால் மேக்ரோஃபில்லா தொட்டியில் ஓரளவு பூக்கும். மலையில் கண்ட அளவை எதிர்பார்க்கக் கூடாது. கோடையில் செம்பேன் வரும். இலையின் அடிப்புறத்தை வாரம் இருமுறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் பெரும்பாலும் அடங்கும். மண்ணில் நடாமல் தொட்டியிலேயே வைத்தால் வெயில் ஏறும்போது வடக்குப் பக்கம் நகர்த்திவிடலாம்.

சென்னை, மதுரை, திருச்சி, யாழ்ப்பாணம்: செடியாக வளர்க்க எந்த இனமும் வேண்டாம். சென்னையின் ஜனவரி இரவுகூடச் சராசரியாக 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது; மொட்டு உருவாகத் தேவையான குளிர் அங்கே இல்லை. பூத்த தொட்டி ஒன்றை வாங்கி, வெயில் படாத குளிர்ந்த அறையில் மூன்று வாரம் ரசித்துவிட்டு விடைகொடுப்பது நேர்மையான வழி. தோட்டத்துக்குக் கொத்துக் கொத்தான பூப்பந்து வேண்டுமென்றால் வெட்சி இருக்கிறது, இட்லிப்பூ என்று எல்லா நர்சரியிலும் கிடைப்பது. எந்தக் குளிரும் கேட்காது, ஆண்டு முழுக்கப் பூக்கும்.

டொராண்டோ, ஸ்கார்பரோ, மார்க்கம்: பேனிகுலேட்டா முதலில், அன்னபெல் இரண்டாவது. நீலம் இல்லாமல் மனம் அடங்காது என்பவர்கள் புதுத் தண்டிலும் பூக்கும் 'எண்ட்லெஸ் சம்மர்' போன்ற மேக்ரோஃபில்லாவை எடுங்கள்; சாதாரண மாப்ஹெட் வேண்டாம். நவம்பரில் மண் உறையத் தொடங்கியதும் செடியைச் சுற்றிக் கம்பிவலை வளையம் நிறுத்தி, உள்ளே காய்ந்த இலைகளைத் தண்டு மறையும்வரை நிரப்புங்கள். ஏப்ரலில் ஒரேயடியாகத் திறக்காமல் சிறிது சிறிதாக எடுங்கள். துளிர்த்தபின் வரும் மே மாதப் பனிதான் மிக அதிகமான மொட்டுகளைக் கொல்கிறது; பனி எச்சரிக்கை வரும் இரவுகளில் பழைய போர்வை போட்டுக் காலையில் எடுத்துவிடுங்கள். இவ்வளவு செய்தும் புதுத் தண்டில் வரும் பூ ஆகஸ்டுக்குத் தள்ளிப்போகலாம்.

லண்டன், கென்ட்: நான்கும் வளரும், அதனால்தான் தேர்வு கடினம். மண்ணைப் பாருங்கள். சுண்ணாம்பு மண்ணென்றால் இளஞ்சிவப்பு மேக்ரோஃபில்லா அல்லது பேனிகுலேட்டா. நீலம் தொட்டியில், ஹீத்தர், ரோடோடென்ட்ரான் போன்ற அமிலம் விரும்பும் செடிகளுக்கென்று விற்கும் மண்கலவையில், மழைநீரோடு. லண்டனின் கனத்த களிமண்ணில் ஓக் இலை வேண்டுமென்றால் மேட்டுப்பாத்தி கட்டாயம். வெயிலே படாத வடக்குச் சுவர் இருந்தால் இந்த நான்கையும் விட்டுவிட்டு, சுவரைத் தானே பற்றி ஏறும் பெட்டியோலாரிஸ் கொடி ஹைட்ரேஞ்சியாவை எண்ணிப் பாருங்கள். பூக்க மூன்று முதல் ஐந்து ஆண்டு பொறுக்க வேண்டும்.

எந்த ஊரானாலும் பூக்கடையில் அன்பளிப்புக்கென்று விற்கும் சிறு தொட்டிச் செடியைத் தோட்டச் செடி என்று எண்ணி வாங்காதீர்கள். குளிர்பதன அறையில் பல வாரம் வைத்து, பிறகு சூடான பசுங்குடிலில் அவசரமாகப் பூக்க வைத்தவை அவை. பெரும்பாலும் மென்மையான மாப்ஹெட் வகை. நடுவதற்கென்று வாங்கும்போது தொட்டியைச் சற்றுச் சாய்த்து அடித்துளையைப் பாருங்கள்: வெள்ளை வேர் நுனி தெரிந்தால் நல்லது, பழுப்பேறிச் சுருண்டு வளையமிட்டிருந்தால், எத்தனை பூ இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.